எழுதத் தெரியாமலே எழுத வந்தவர்: வை.மு. கோதைநாயகி அம்மாள்



காளையார்கோவிலை வைத்து ஒரு சரித்திர மர்ம நாவல் எழுத நினைப்பவருக்குக் களத்துக்குக் குறைவே இல்லை. திருக்கானப்பேர் என்ற பழம்பெயர், சங்க காலத்திலேயே பேசப்பட்ட கோட்டை, காளீஸ்வரர் கோயிலின் உயர்ந்த கோபுரம், ஆனைமடு என்று எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1772 ஜூன் 25 அன்று மன்னர் முத்துவடுகநாதர் இங்கேதான் ஆங்கிலப் படையால் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் தப்பிச் சென்று, விருப்பாச்சியில் இருந்தபடி படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார். யார் காட்டிக் கொடுத்தார்கள், யார் துணை நின்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் நாவல் தானாக வளரும்.

அந்த நாவலின் கதாநாயகி ஒரு இளம் பெண் பத்திரிகையாளர் என்று வைத்துக்கொள்வோம். கதை நடப்பது 1925-இல். நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக அவள் ஊர் ஊராகப் போய்ப் பழைய மர்மத்தைத் துப்புத் துலக்குகிறாள். இப்படிப்பட்ட கதைகள் மேல்நாடுகளில் நிறைய வருகின்றன. அங்கே அதற்கு உண்மையான முன்னோடிகளும் உண்டு. அமெரிக்காவில் நெல்லி பிளை என்ற இளம் பெண் நிருபர் 1887-இல் மனநோயாளி போல் நடித்து, நியூயார்க் மனநோயாளர் விடுதிக்குள் பத்து நாள் தங்கி, அங்கு நடந்த கொடுமைகளைப் பத்திரிகையில் எழுதினார். அடுத்து 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தார். அந்தப் பயணத்தில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கொழும்பில் கப்பலுக்காகச் சில நாட்கள் காத்துக் கிடந்தார்.

ஆனால் நம் ஊர்க் கதையில் 1925-இல் ஒரு இளம் பெண் பத்திரிகை வேலை செய்கிறாள் என்று எழுதினால், அந்தக் காலத்தில் அது எப்படி நடக்கும் என்று படிப்பவர்கள் கேட்பார்கள். நடந்தது. அதே 1925-இல், 24 வயதுகூட நிறையாத ஒரு தமிழ்ப் பெண் நின்றுபோயிருந்த ஒரு மாதப் பத்திரிகையை வாங்கித் தானே ஆசிரியராக இருந்து நடத்தத் தொடங்கினார். மர்ம நாவல்களும் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்புவரை அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பதுதான் இதில் வியப்பு. அவரைப் பற்றித்தான் இந்தக் காலாண்டிதழில் பார்க்கப் போகிறோம்.

ஐந்தரை வயதில் திருமணம்

கோதைநாயகி 1901 டிசம்பர் 1 அன்று பிறந்தார். காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூர் அவருடைய குடும்பத்தின் ஊர். தந்தை வெங்கடாச்சாரியார், தாய் பட்டம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே தாய் இறந்துவிட்டார். பாட்டியும் சித்தப்பா குடும்பத்தாரும் வளர்த்தார்கள்.

1907-இல், ஐந்தரை வயதில், திருமணம் நடந்தது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு அப்போது ஒன்பது வயது. சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வைத்தமாநிதி முடும்பைக் குடும்பம் அவருடைய புகுந்த வீடு. அந்தக் குடும்பப் பெயரின் சுருக்கம்தான் அவர் பெயருக்கு முன்னால் நாம் பார்க்கும் வை.மு.

பள்ளிக்கூடத்துப் பக்கமே அவர் போனதில்லை. அந்த நாளில் அவர் வயதுப் பெண்கள் பெரும்பாலோரின் நிலை அதுதான். ஆனால் புலமையுள்ள வீடு என்பதால் காதில் விழுந்தது அதிகம். பாசுரங்களைக் கேட்டே மனப்பாடம் செய்தார். நல்ல குரல் இருந்ததால் பாட்டும் வந்தது. கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்கு வந்ததும், பார்த்த நாடகம் மனத்துக்குள் வேறு வேறு விதமாக ஓடத் தொடங்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, தானே கட்டிய கதைகளைச் சொல்லுவார்.

கதை சொல்லத் தெரிந்தவர் எழுத்தாளர் ஆவது இந்தக் காலத்தில் இயல்பாகத் தெரியலாம். எழுத்தே கைவராதவருக்கு அது எப்படி முடியும்?

தோழி எழுதிய முதல் பிரதி

அதற்கு வழி செய்தவர் பட்டம்மாள் என்ற தோழி. அவருக்கும் தாயின் பெயர்தான். கோதைநாயகி ஒரு நாடகத்தை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் அதைக் காகிதத்தில் எழுதினார். இந்திரமோகனா என்ற அந்த நாடகம் 1924-இல் அச்சாகி வெளிவந்தது. பிறகு அந்தத் தோழியின் துணையோடுதான் கோதைநாயகி தமிழை எழுதவும் சரளமாகப் படிக்கவும் கற்றுக்கொண்டார். அதாவது, முதல் புத்தகம் வெளிவந்த பிறகுதான் அவருக்கு எழுத்துப் பழக்கமே வந்தது.

இந்தத் தோழியைப் பற்றி வரலாற்றில் பெரிதாக எதுவும் பதிவாகவில்லை. அவர் எழுத்தாளர் அல்லர், தலைவரும் அல்லர். மற்றொரு பெண்ணுக்காகச் சில நாட்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் அன்றைக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போயிருந்தால், பின்னால் வந்த 115 நாவல்களும் திருவல்லிக்கேணி வீட்டு முற்றத்துக் கதைகளாகவே கரைந்து போயிருக்கலாம்.

துப்பறியும் கதைகளின் காலம்

அது தமிழில் துப்பறியும் நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலம். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரின் புத்தகங்களும் சுடச்சுட விற்றன. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீட்டுக்கு வீடு அறிமுகமான பெயர்கள். திகம்பர சாமியார் 1950-இல் எம்.என். நம்பியார் நடித்துப் படமாகவும் வந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த வடுவூரார் இளம் எழுத்தாளரான கோதைநாயகிக்கு ஊக்கம் கொடுத்தார். மனோரஞ்சனி என்ற தன் பத்திரிகையை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்ற மாதப் பத்திரிகையை வாங்கி நடத்தும்படி யோசனை சொன்னவரும் அவரே. 1925-இல் ஜகன்மோகினி கோதைநாயகியின் கைக்கு வந்தது. அவருடைய முதல் நாவலான வைதேகியும் அந்தக் காலத்தில்தான் வெளிவந்தது.

பெண்களுக்கான பத்திரிகை என்பது தமிழில் அதற்கு முன்பே இருந்தது. பாரதியார் ஆசிரியராக இருந்த சக்கரவர்த்தினி 1905-இல் தொடங்கியது. ஆனால் அப்படிப்பட்ட பத்திரிகைகளில் பலவற்றை நடத்தியவர்கள் ஆண்கள். ஒரு பெண்ணே கதை எழுதி, தலையங்கம் எழுதி, பிழை திருத்தி, சந்தா சேர்த்து, அச்சகக் கணக்கையும் பார்ப்பது என்பது அன்றைக்குப் பழக்கமில்லாத காட்சி. ஏச்சும் ஏளனமும் வந்தன. குடும்பப் பெண்ணுக்கு இது எதற்கு என்ற கேள்வியைத் திருவல்லிக்கேணித் தெருக்களில் அவர் பலமுறை கேட்டிருப்பார். கணவர் பார்த்தசாரதி உறுதியாகப் பக்கத்தில் நின்றார். பத்திரிகை வளர்ந்தது. பின்னாளில் சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார்கள்.

அவர் நாவல்களில் ஆள்கடத்தல், மாறுவேடம், காணாமல் போன உயில், பொய் வழக்கு, கடைசியில் வெளிப்படும் உண்மை என்று அந்தக் காலத்து மர்மக் கதைக்கு வேண்டியதெல்லாம் உண்டு. கூடவே வேறொன்றையும் அவர் சேர்த்தார். இளம் வயதில் விதவையான பெண்ணின் வாழ்க்கை, வரதட்சணை, குடிகாரக் கணவன், படிக்க ஆசைப்படும் பெண் ஆகியவையும் அந்தக் கதைகளுக்குள் வந்தன. கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளப் பக்கத்தைப் புரட்டும் வாசகி, தன் வீட்டுக்குள் நடக்கும் அநியாயத்தையும் அதே பக்கத்தில் பார்த்தாள்.

குறையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் எழுதிக் குவித்ததால் தற்செயல் சந்திப்புகள் அதிகம். பாத்திரங்கள் நீண்ட அறிவுரை சொல்லும். இன்றைய வேகத்துக்குப் பழகிய நமக்குச் சில பக்கங்கள் இழுவையாகத் தோன்றும். பின்னால் வந்த விமரிசகர்கள் பலரும் அவரை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் மதியச் சமையல் முடிந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாவது கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை ஏராளமான பெண்களுக்கு அவர் ஊட்டினார். ஜகன்மோகினியில் எழுதிப் பழகிய பெண்களும் உண்டு.

சிறையிலும் ஒரு நாவல்

காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதன் பிறகு பட்டையும் நகைகளையும் விட்டுக் கதருக்கு மாறினார். மேடைகளில் பேசவும் தேசியப் பாடல்கள் பாடவும் தொடங்கினார். ராஜாஜி, சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் இருந்த காலத்துக் காங்கிரஸ் கூட்டங்களில் அவருடைய பேச்சுக்கும் பாட்டுக்கும் தனிக் கூட்டம் சேர்ந்தது.

1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் கலந்துகொண்டு சிறை சென்றார். பத்திரிகை நடத்துபவர் உள்ளே போனால் பத்திரிகை என்ன ஆகும்? அந்த மாதங்களில் பார்த்தசாரதி ஜகன்மோகினியைத் தொடர்ந்து வெளிக்கொண்டு வந்தார். மனைவி சிறையில், கணவர் அச்சகத்தில் என்பது அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. உடன் இருந்த பெண் கைதிகளிடம் பேசினார், அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உத்தமசீலன் என்ற நாவலை அங்கேதான் எழுதினார். நெல்லி பிளை வேண்டுமென்றே விடுதிக்குள் போனார். கோதைநாயகியைச் சட்டம் உள்ளே அனுப்பியது. ஆனால் வெளியே இருப்பவர்கள் பார்க்க முடியாத பெண்களைப் பார்த்து, கேட்டு, எழுத்தில் கொண்டுவந்தார்கள் என்பதில் இருவரும் ஒன்றுதான்.

தனக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தவர்

காஞ்சிபுரத்தில் ஒரு சிறுமிக்கு அபாரமான இசை ஞானம் இருந்தது. குடும்பப் பெண்கள் மேடை ஏறிக் கச்சேரி செய்வதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை என்பதால் அவளுடைய தந்தை தயங்கினார். அவரிடம் எடுத்துச் சொல்லி, அந்தப் பெண்ணை மேடைக்குக் கொண்டுவர முயன்றவர்களில் கோதைநாயகி முக்கியமானவர். அந்தச் சிறுமி டி.கே. பட்டம்மாள். பின்னாளில் கர்நாடக இசை உலகில் அவர் எட்டிய உயரம் நாம் அறிந்ததே.

ஒரு பட்டம்மாள் கோதைநாயகிக்கு எழுதுகோலாக இருந்தார். இன்னொரு பட்டம்மாளுக்குக் கோதைநாயகி படிக்கட்டாக இருந்தார். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் வாங்கிய உதவியை அவர் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

காந்தியடிகள் மறைந்த 1948-இல் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பல பயிற்சிகள் கிடைக்கச் செய்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டதற்காக அரசு கொடுத்த 10 ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

திரைப்படங்களும் கடைசி நாட்களும்

அவருடைய கதைகள் திரைக்கும் வந்தன. ராஜமோகன் 1937-இலும் அனாதைப் பெண் 1938-இலும் படமாயின. தயாநிதி என்ற அவருடைய நாவல்தான் 1966-இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி நடித்த சித்தி என்ற படமானது. நம் குடியிருப்பில் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் பலர் இருப்பார்கள். கதை யாருடையது என்று பெயர் ஓடும்போது கவனித்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்க அவர் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டைத் தாக்குப்பிடித்து ஜகன்மோகினியை நடத்திய அந்த உறுதியான பெண்ணை, சொந்தத் துயரம் சாய்த்தது. 1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அதன் பிறகு அவர் தேறவே இல்லை. காசநோயும் பற்றிக்கொண்டது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார். வயது 58. சுமார் 35 ஆண்டுகள் ஜகன்மோகினியோடு அவர் வாழ்க்கை பின்னிப் பிணைந்திருந்தது.

நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு

பொழுதுபோக்கு நாவல்கள் என்று ஒதுக்கப்பட்டவற்றை அந்த நாளில் யாரும் பத்திரப்படுத்தவில்லை. படித்து முடித்ததும் பழைய காகிதக்காரருக்குப் போட்டார்கள், அல்லது பரணில் செல்லுக்குக் கொடுத்தார்கள். இப்படி அழியவிருந்த புத்தகங்களையும் இதழ்களையும் ஓயாமல் சேகரித்தவர் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர் அவர். பெரிய புலவர்களின் நூல்கள் மட்டும்தான் வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. நாவல், நாடகப் புத்தகம், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று கையில் கிடைத்த அச்சுக் காகிதத்தையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சென்னைக்குச் சென்று, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அந்தக் காலத்து மக்கள் என்ன படித்தார்கள் என்று ஆராய்பவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். கோட்டையூர் வீட்டில் ஒருவர் தூசி தட்டி அடுக்கி வைத்ததால் தமிழ் வாசிப்பின் ஒரு காலம் காப்பாற்றப்பட்டது.

இந்த இதழோடு ஒரு வேண்டுகோள்

கோதைநாயகியின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவருடைய துணிவைப் பாராட்டத் தோன்றும். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துணிவு புத்தகமாவதற்கு, சொல்வதைக் கேட்டு எழுத ஒரு தோழி, பத்திரிகையைத் தாங்க ஒரு கணவர், வழி சொல்ல ஒரு மூத்த எழுத்தாளர், பழைய காகிதத்தைக் காப்பாற்றச் சேகரிப்பாளர்கள் என்று எத்தனையோ பேர் தேவைப்பட்டார்கள். ஆற்றல் ஒருவரிடம் இருந்தாலும், அது வெளியே வரப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டியிருக்கிறது.

நம் குடியிருப்பிலும் கதை சொல்லத் தெரிந்த ஆச்சிகள், பாட்டிகள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் கதை, காளீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் தொலைந்து கிடைத்த பிள்ளையின் கதை, மருது சகோதரர்களைப் பற்றித் தன் பாட்டி சொன்ன கதை என்று அவர்களிடம் நிறைய இருக்கும். கேட்டால் தனக்கு எழுத வராது என்பார்கள். அவர்கள் எழுத வேண்டாம். சொல்லட்டும். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியோ விடுமுறையில் இருக்கும் பள்ளிப் பிள்ளையோ நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாலை வேளையில் அருகில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

அப்படி எழுதியதை அடுத்த காலாண்டிதழுக்காகச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். சொன்னவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் சேர்த்தே வெளியிடுவோம். காளையார்கோவிலைப் பற்றிய சரித்திர மர்ம நாவலை யார் எப்போது எழுதுவார்களோ தெரியாது. அதற்கான இளம் பெண் நிருபர் நம் மூன்றாம் மாடியிலேயே இருக்கலாம்.